பிக்சல் போதை

விமானச் சிமுலேட்டருக்கு நிலப்பரப்பு செய்கிறவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. வான்படம் எவ்வளவு கூர்மையோ, சீனரி அவ்வளவு தரம். நீர் மாஸ்க், விளிம்பு மாஸ்க், நிறத்திருத்தம் எல்லாம் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளும் மெருகு வேலை. "எந்த ஜூம் லெவல்?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியும். பதினாறு என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். பத்தொன்பது என்றால் நாற்காலி போடுவார்கள். 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் புதிய சிமுலேட்டர் வந்தபிறகு இந்த நம்பிக்கைக்கு ஒரு வாலும் முளைத்துவிட்டது. உலகம் முழுவதன் படத்தையும் பிங் வரைபடத்திலிருந்து அதுவே இழுத்துத் தருகிறதே, இனி எவன் உட்கார்ந்து கையால் மாஸ்க் வரைவான் என்பது அந்த வால்.

தலையும் தப்பு, வாலும் தப்பு என்பது என் கட்சி. வான்படத்தில் எதை நீக்குகிறோம், எதைப் பாதி மறைக்கிறோம், எதைச் சிமுலேட்டரிடம் விட்டுவிடுகிறோம் என்பதில்தான் சீனரி இருக்கிறது. அந்த முடிவுகள் அத்தனையும், படத்தின் எந்த இடம் எவ்வளவு தெரியலாம் என்று குறிக்கும் கறுப்பு-வெள்ளைத் துணைப்படமான மாஸ்கில்தான் பதிவாகின்றன.

எதிர்த்தரப்பு எண்களில் பேசுவதால் நானும் எண்ணிலேயே தொடங்குகிறேன். 1920 பிக்சல் அகலமுள்ள திரை, 60 பாகைப் பார்வைக் கோணம் என்று வையுங்கள். திரையின் நடுவில் ஒரு பிக்சல், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 செ.மீ. அகலத்தை மூடும். செஸ்னாவில் 3000 அடி உயரத்தில், அதாவது 915 மீட்டரில், போய்க்கொண்டிருக்கிறீர்கள். நேர் கீழே பார்க்க முடியாது. அங்கே விமானத்தின் தரைதான் இருக்கிறது. கண் போவது மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே ஒரு பிக்சல் குறுக்கே 1.8 மீட்டர். நிலத்தைச் சாய்வாகப் பார்ப்பதால் நீளவாட்டில் அது 6 மீட்டர்வரை போகும். 4கே திரை என்றால் இரண்டையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த இடத்தில், ஒரு பிக்சல் 30 செ.மீ. நிலத்தைக் காட்டும் ஜூம் லெவல் பத்தொன்பது ரகப் படத்துக்கு வேலையே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு அதைத் தொடக்கூட மாட்டாது. ஏற்கெனவே சிறிதாக்கி வைத்திருக்கும் மிப்மேப் நகலைத்தான் எடுத்து வரையும்.

இந்தக் காணாத கூர்மைக்கு என்ன விலை? ஃப்ளோரிடாவின் தென்கோடியில் ஒரு பாகைக்கு ஒரு பாகைச் சதுரம் சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். அதை 1.2 மீட்டர் பிக்சலில், வழக்கமான டிஎக்ஸ்டி1 சுருக்கத்தில், மிப்மேப்களோடு வைத்தால் ஏறத்தாழ 5 ஜிபி. 60 செ.மீ. என்றால் 20. 30 செ.மீ. என்றால் 80. ஜூம் லெவலில் ஒரு படி ஏறினால் நான்கு மடங்கு. ஹார்ட் டிஸ்க் விற்பவருக்குக் கொண்டாட்டம்.

மூலப்படத்தில் இல்லாததை ஜூம் லெவல் கொண்டுவராது என்பது இன்னொன்று. அமெரிக்க வேளாண் துறை 2003 முதல் நாட்டை வானிலிருந்து படமெடுத்துவருகிறது. நெய்ப் என்று அழைக்கப்படும் அந்தப் படங்கள் நீண்ட காலம் 1 மீட்டர் பிக்சலில் இருந்தன, பிறகு 60 செ.மீ. ஆயின. அமெரிக்கச் சீனரிக்காரர்களுக்கு அது பெரிய கொடை: பதிப்புரிமைத் தொல்லை இல்லை, யாரும் எடுத்து வெளியிடலாம். அந்த 60 செ.மீ. படத்தை 30 செ.மீ. ஆக்கித் "துல்லியம்" என்று பெயர் சூட்டுவதில் கிடைப்பது நான்கு மடங்கு கோப்பு மட்டும்தான்.

தாழப் பறக்கும் ஹெலிகாப்டர், மேய்ச்சல் நிலத்தில் இறங்கும் சிறு விமானம், ஓடுபாதையைச் சுற்றிய இரண்டு மூன்று கிலோமீட்டர் — இங்கே 30 செ.மீ. தேவைதான். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேவை சதுரத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு. மீதி தொண்ணூற்றொன்பதையும் அதே அளவில் நிரப்புவது ஆசை. அதற்கு நியாயம் கற்பிக்கத்தான் "தரம்" என்ற சொல் வருகிறது.

இதைவிடப் பிடிவாதமான வாதம் ஒன்று உண்டு: படம் நிஜம், நிஜத்தில் கைவைக்காதே. கேட்க நேர்மையாக இருக்கிறது. ஆனால் வான்படம் ஒரு நாளின், ஒரு மணி நேரத்தின் குறிப்பு. மேகமில்லாத நாளாகப் பார்த்து, சூரியன் நன்றாக மேலேறியபிறகு எடுப்பார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்த நேரத்து நிழல் கட்டடங்களுக்கு வடக்கே விழும். நீங்கள் சிமுலேட்டரில் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறீர்கள். சிமுலேட்டரின் சூரியன் நிழலை மேற்கே நீட்டுகிறது. படத்தின் நிழல் வடக்கிலேயே படுத்துக்கிடக்கிறது. ஒரே தெருவில் இரண்டு சூரியன். மரமோ இன்னும் மோசம்: படத்தில் ஒரு மரம், அதன் நிழல் ஒன்று, மேலே சிமுலேட்டர் நட்ட முப்பரிமாண மரம், அதற்கு இன்னொரு நிழல். எது நிஜம்?

வெளிச்சத்தின் கதையும் இதேதான். எக்ஸ்-பிளேன் 12, மைக்ரோசாஃப்டின் இப்போதைய சிமுலேட்டர்கள் எல்லாம் தரைப்படத்தை, விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்பும் என்ற தகவலாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் தங்கள் சூரியனைப் பாய்ச்சுகின்றன. தார்ச்சாலை பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பும். புல்வெளி ஐந்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல். உலர்ந்த மணல் பாதிக்கும் குறைவு. புதிதாகப் பெய்த பனிதான் ஐந்தில் நான்கு. ஆனால் வான்படத்தில் கடற்கரை மணல் வெளிறிப்போய் முழு வெள்ளையாக இருக்கும். அதைத் தொடாமல் உள்ளே விட்டால் ஃப்ளோரிடாவில் பனி பெய்திருக்கும். அதோடு, படத்தில் ஏற்கெனவே காற்றின் நீலப்புகை படிந்திருக்கிறது. சிமுலேட்டர் தன் பங்குக்கு இன்னொரு திரையை இழுத்துவிடும். கைவைக்காமல் விட்ட "நிஜம்" இப்படித்தான் வெளுத்துக் கிடக்கும்.

பருவத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நெய்ப் படங்கள் பயிர்க்காலத்தில் எடுக்கப்படுகிறவை. வெர்மான்டில் ஜனவரி மாதம் பறந்தாலும் மேப்பிள் மரம் பச்சையாகவே நிற்கும். மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸ் 2006-லேயே மாதவாரியாகவும் இரவுக்குத் தனியாகவும் படம் வைக்க வழி தந்தது. ஒரு கோடைப்படத்தைக் குளிர்காலமாக்க ஊசியிலைக் காடு எது, இலையுதிர் காடு எது, வயல் எது, பனி அகற்றப்படும் சாலை எது என்று பிரிக்க வேண்டும். பிரிப்பதற்குப் பெயர் மாஸ்க். ஒரே வெண்சாயத்தை முழுப் படத்தின்மேலும் ஊற்றிக் "குளிர்காலம்" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடலோரம் வந்தால்தான் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும். ஃப்ளோரிடா கீஸ் தீவுச்சங்கிலியை எடுத்துக்கொள்கிறேன். மாஸ்க் தேவையில்லை என்கிறவரை நான் அழைத்துப்போகும் இடம் அதுதான். வடக்கே ஃப்ளோரிடா விரிகுடாப் பக்கம் கிலோமீட்டர் கணக்கில் இடுப்பளவுத் தண்ணீர். கடற்புல் படுகையும் மணல் திட்டும் பச்சையும் பழுப்புமாகத் தெரியும். தெற்கே அட்லாண்டிக் பக்கம் கரையோரம் ஆழமற்று, பிறகு ஹாக் கால்வாய் என்னும் ஆழமான நீர்ப்பட்டை, அதற்கப்பால் மறுபடி ஆழம் குறைந்து பவளத்திட்டு, அதன்பிறகுதான் ஆழ்கடல். வானிலிருந்து பார்க்கும்போது கீஸை கீஸ் ஆக்குவது இந்த நீரின் நிறங்கள்தான். தீவுகள் மெல்லிய கோடுகள்.

மாஸ்கே இல்லாமல் படத்தைப் போட்டால் என்ன ஆகும்? அலை அசையாது. படமெடுத்த நாளின் சூரியப் பளபளப்பு நடுக்கடலில் வெள்ளைக் கறையாக உறைந்துவிடும். விமானம் பட்டை பட்டையாகப் போய்வந்து எடுத்த படங்கள் என்பதால் கடலே ஒட்டுத்துணி மாதிரி நிறம் மாறிக் கிடக்கும். படகும் அது கிழித்துப்போன நுரை வாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். சரி, கரையோடு வெட்டிவிடலாம் என்று கறாரான மாஸ்க் போட்டால், அந்தப் பச்சை நீலமெல்லாம் போய், கரைக்கோட்டிலிருந்தே சிமுலேட்டரின் பொதுவான நீலம் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் 256 சாம்பல் நிலைகள் இருக்கின்றன. அடித்தளம் எவ்வளவு தெரியலாம், சிமுலேட்டரின் நீர் எவ்வளவு மூடலாம் என்று ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சாம்பல்தான் தீர்மானிக்கிறது. இதை மெருகு என்று எப்படிச் சொல்வது?

"அதற்கும் மென்பொருள் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. எக்ஸ்-பிளேனுக்கான ஆர்த்தோ4எக்ஸ்பி, எவரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் கரைக்கோட்டை எடுத்துக்கொண்டு, நீங்கள் சொல்லும் அகலத்துக்குத் தானே மங்கலாக்கித் தரும். அருமையான கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குத் தூரம் தெரியும், ஆழம் தெரியாது. கரையிலிருந்து விலக விலக மங்கிக்கொண்டே போகும் மாஸ்கில் ஹாக் கால்வாய்க்கு அப்பால் மறுபடி தலைகாட்டும் பவளத்திட்டுக்கு இடமில்லை. கீஸ் தீவுகளில் ஒன்றான கீ வெஸ்ட்டில் உல்லாசக் கப்பல்கள் கட்டும் துறையில் சுவரடியிலேயே ஆழம் தொடங்குகிறது. அங்கே மாஸ்க் கத்தியால் கீறியது போல இருக்க வேண்டும். தீவின் மறுபக்கத் திட்டில் நூற்றுக்கணக்கான மீட்டர் இழைந்து போக வேண்டும். ஒரே அகலத்தில் இரண்டையும் மங்கலாக்கினால், துறைச் சுவர் தண்ணீரில் கரையும், திட்டோ பாதியில் அறுபடும். அமெரிக்கக் கடல்சார் நிறுவனமான நோவா ஆழ வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. அதைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு தூரிகை பிடிப்பதற்கு இன்னும் மாற்று வரவில்லை.

மங்கலாக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஜிம்ப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ மாஸ்கைத் திறந்து காஸியன் பிளர் கொடுத்தால் அது கோட்டின் இருபுறமும் பரவும். நீருக்குள் பத்து பிக்சல் போனால் நிலத்துக்குள்ளும் பத்து பிக்சல் போகும். கரையோர வீட்டுக் கொல்லையில் அலையடிக்கும். மங்கல் நீர்ப்பக்கம் மட்டும் போகும்படி, பிளர் முடிந்ததும் மூல நில மாஸ்கை மேலே திரும்ப வைத்து அடைக்க வேண்டும். செய்வது எளிது, தெரிந்திருந்தால்.

நெய்ப் படங்களில் கண்ணுக்குத் தெரியாத நான்காவது பட்டை ஒன்று, அகச்சிவப்பு, இருக்கிறது. நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், தாவரம் பளிச்சென்று திருப்பும். பச்சைப் பட்டைக்கும் அகச்சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர் தனியே எழுந்து நிற்கும். 1996-இல் மெக்ஃபீட்டர்ஸ் முன்வைத்த சூத்திரம் இது. தானியங்கி வாதத்துக்கு இதைவிடப் பலமான ஆயுதம் கிடையாது, அதனால் நானே எடுத்துக் கொடுக்கிறேன். வயலுக்கு நடுவே உள்ள ஏரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கீஸிலோ கரை முழுக்க அலையாத்தி மரங்கள். சிவப்பு அலையாத்தி உப்புத் தண்ணீருக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கிறது. அதன் இலையைப் பார்த்துச் சூத்திரம் "நிலம்" என்கிறது, அதன் காலடியில் மீன் ஓடுகிறது. பளபளப்பு விழுந்த கடலையும் நிலம் என்று சொல்லிவிடக்கூடும்; உயர்ந்த கட்டடத்தின் கரிய நிழலை நீர் என்று தடுமாறவும் கூடும். சூத்திரம் முதல் வரைவைத் தரும். தீர்ப்பு கண்ணுடையது.

பாலத்துக்கு வருவோம். கீஸில் மாரத்தான் ஊரைத் தாண்டியதும் தொடங்கும் ஏழு மைல் பாலம் 1982-இல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ 11 கி.மீ. நீளம். பக்கத்திலேயே, தொழிலதிபர் ஹென்றி ஃப்ளாக்லர் கீ வெஸ்ட்வரை கொண்டுபோன ரயில் பாதையின் பழைய பாலம். 1912-இல் கீ வெஸ்ட்டுக்கு ரயில் வந்தது. 1935-இன் பெரும்புயலோடு பாதை முடிந்தது. இரண்டு பாலங்களும் வான்படத்தில் கடல்மேல் வரைந்த இரண்டு கோடுகள், ஒவ்வொன்றுக்கும் நிழல் ஒன்று. நடுவில் படகுகள் போக 20 மீட்டர் உயர்ந்து இறங்கும் புதிய பாலத்தைச் சிமுலேட்டரில் முப்பரிமாணத்தில் வைக்கிறோம். கீழே பார்த்தால் கடல் மட்டத்தில் அதே பாலம் சப்பையாகப் படுத்திருக்கிறது. படம் 30 செ.மீ. கூர்மை என்றால் சப்பைப் பாலத்தின் வெள்ளைக் கோடுகள்கூடத் துலங்கும்! கூர்மை கூடக்கூட இந்தக் கேலிக்கூத்து அதிகமாகத்தான் தெரியும். பாலத்தையும் நிழலையும் படத்தில் அழித்துச் சுற்றிலுமுள்ள அடித்தளத்தின் நிறத்தைப் பூசி, மாஸ்கில் அந்த இடத்தை நீராக்கினால்தான் பாலம் பாலமாகும்.

நம் பாம்பனுக்கு இதே வைத்தியம் பொருந்தும், ஒரு சிக்கல் கூடுதலாக. 2025 ஏப்ரலில் புதிய தூக்குப்பாலம் திறக்கப்பட்டுவிட்டது. கையிலிருக்கும் படம் சில வருடம் பழையது என்றால் 1914-இன் பாலமும் கட்டுமானத் தட்டுகளும்தான் அதில் தெரியும். நெய்ப் போன்ற இலவச வான்படம் நமக்கு இல்லை. ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள் 10 மீட்டர் பிக்சலில் அகச்சிவப்பை இலவசமாகத் தருகிறது. பாக் நீரிணைத் திட்டுகளின் மாஸ்குக்கு முதல் வரைவு எடுக்க அது போதும். 10 மீட்டரா என்று முகம் சுளிப்பவர்கள், மாஸ்கை எப்படியும் நூறு மீட்டருக்கு மங்கலாக்கத்தான் போகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

விளிம்பு மாஸ்கைப் பற்றி நீட்டப்போவதில்லை. செவ்வகமாக வெட்டிய வான்படம் சிமுலேட்டரின் சொந்தத் தரையில் முடியும் இடம், பறக்கும் உயரம் எதுவானாலும் தெரியும். ஆற்றங்கரை, காட்டோரம், நெடுஞ்சாலை என்று நிலத்திலேயே நிறம் மாறும் கோட்டில் முடித்தால் தெரியாது. படமில்லாத இடத்தைச் சுத்தக் கறுப்பால் குறித்துவிட்டு, அந்தக் கறுப்பு முழுவதையும் வெளிப்படையாக்கச் சொல்கிறவர்கள், படத்துக்குள்ளேயே ஆழ்ந்த நிழலில் இருக்கும் கறுப்பும் ஓட்டையாகிப்போவதைப் பார்த்துவிட்டு மென்பொருளைத் திட்டுவார்கள். விளிம்புக்குத் தனி மாஸ்க் வைத்திருந்தால் அந்த வம்பே இல்லை.

பெரிய தவறுகள் தூரத்திலிருந்தே தெரியும், சிறிய துல்லியம் கிட்டே போனால்தான் தெரியும் — மொத்தச் சண்டையும் இதில் அடங்கிவிடுகிறது. பட்டை பட்டையான கடல், வெளுத்த கரை, செவ்வக விளிம்பு எல்லாம் 20 கிலோமீட்டரில் கண்ணை உறுத்தும். அந்தத் தூரத்தில் 30 செ.மீ. படமும் 2 மீட்டர் படமும் ஒன்றுதான்.

இனி தொடக்கத்தில் சொன்ன அந்த வால். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் செய்தது பிரமாண்டமான வேலை, சந்தேகமில்லை. பிரான்சின் அசோபோ ஸ்டுடியோ கட்டியது. பிங் படங்களைப் பார்த்துக் கட்டடங்களை எழுப்பியது ஆஸ்திரியாவின் பிளாக்ஷார்க். ஆனால் வெளியான சில நாட்களிலேயே மெல்பர்ன் புறநகர் ஒன்றில், ஓட்டு வீடுகளுக்கு நடுவே, 212 மாடிக் கோபுரம் ஒன்று ஊசிபோல நின்றது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 2 மாடி என்று எழுத வேண்டியதை யாரோ 212 என்று தட்டியிருந்தார்; கட்டிய நிரலுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை அலுவலகக் கட்டடம்போல எழுந்தது. இவை சிரித்துவிட்டுப் போகும் பிழைகள். கைவேலை தேவையில்லை என்று அந்த நிறுவனமே நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். 2020 செப்டம்பரில் ஜப்பானிலிருந்து தொடங்கி நாடு நாடாக அவர்கள் வெளியிட்ட உலக மேம்படுத்தல்களில் புதிய படங்களோடு, கையால் செதுக்கிய விமான நிலையங்களும் அடையாளக் கட்டடங்களும் வந்தன. பல்லாயிரம் கோடி நிறுவனம் ஆள்வைத்துச் செய்வதை, நம் பொழுதுபோக்குக்காரர் தேவையில்லை என்று தள்ளுகிறார்.

நேரம் எங்கே என்று கேட்பவருக்கு மட்டும் ஒரு வார்த்தை. 30 செ.மீ.-இலிருந்து 60 செ.மீ.-க்கு இறங்குங்கள். ஒரு சதுரத்துக்கு 60 ஜிபி மிச்சம், அதைத் தரவிறக்கவும் சுருக்கவும் ஓடும் இரவுகளும் மிச்சம். அந்த நேரத்தில் ஏழு மைல் பாலத்தை அழித்து முடிக்கலாம், கீ வெஸ்ட் துறையைக் கத்தியால் கீறலாம், பவளத்திட்டை ஆழ வரைபடத்தைப் பார்த்துத் திரும்பக் கொண்டுவரலாம். பிறகு 3000 அடியில் ஒரு சுற்று போய்வந்து, எந்த ஜூம் லெவல் என்று பக்கத்தில் உட்கார்ந்தவரையே சொல்லச் சொல்லுங்கள்.